“நான் எப்போது பெரியவளாவேன்?”

வாசகர் கேள்வி – பதில்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் ஐந்து, எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தும், ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒன்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். வழக்கம்போலப் பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குக் கீழே நான்கு வயதில் ஒரு மகன். என் கணவருக்குத் தறி வேலை. சில மாதங்களாகவே “நான் எப்பம்மா பெரியவளாவேன்?” என்று நாள்தோறும் கேட்கிறாள். என் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிறாள். என் கைப்பையைத் தோளில் போட்டுக்கொள்கிறாள். வாசற்காலில் பென்சிலால் கோடு போட்டுத் தினமும் உயரம் பார்க்கிறாள். சென்ற வாரம் ஒரு நாள் மாலையில் அளந்தபோது, காலையில் போட்ட கோட்டுக்குக் கீழே தலை நிற்பதைக் கண்டு, “நான் சின்னவளாகிக்கிட்டே போறேன்” என்று தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. குழந்தையாக இருப்பதே பிடிக்காமல் போகும்படி நாங்கள் என்ன தவறு செய்தோம்? அவளுக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: முதலில் அந்தப் பென்சில் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் சரியாகத்தான் அளந்திருக்கிறாள். நம் முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையே, நீர்ச்சத்து நிறைந்த சிறு மெத்தைகளைப் போன்ற வட்டுகள் இருக்கின்றன. பகல் முழுவதும் நின்றும் நடந்தும் ஓடியும் திரிகையில் உடலின் எடை தாங்கி அவை சற்றே அமுங்குகின்றன. இரவில் படுத்து உறங்கும்போது நீரை மீண்டும் இழுத்துக்கொண்டு பழைய நிலைக்கு வருகின்றன. அதனால் காலையில் இருக்கும் உயரம் மாலையில் எவருக்குமே இருப்பதில்லை. வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். ஏழு வயதுக் குழந்தையோ ஆண்டு முழுவதற்குமே சுமார் 5 அல்லது 6 சென்டிமீட்டர்தான் வளரும். மாதக் கணக்கில் பார்த்தால் அரை சென்டிமீட்டர். ஒரு மாதம் முழுவதும் வளர்ந்த வளர்ச்சியை ஒரே பகல் மறைத்துவிடும் என்பதை அந்தக் குழந்தை எப்படி அறிவாள்? நாளைக் காலையில் அவள் கையில் பென்சிலைக் கொடுத்து, வாசற்காலில் உங்கள் உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். மாலையில் மறுபடியும் குறிக்கட்டும். அம்மாவும் மாலையில் சிறிது குறைகிறாள் என்பதைத் தன் கையாலேயே கண்டுபிடித்தபின் அவள் அழமாட்டாள். அதன்பிறகு பிறந்த நாளன்று ஒன்றும், அதிலிருந்து ஆறு மாதம் கழித்து ஒன்றுமாக, காலை வேளையிலேயே, தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்துக் கோடு போட்டுத் தேதியும் எழுதி வையுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அன்போடு வளர்க்கப்படும் குழந்தைகளுக்குத்தான் இந்த ஆசை மிகுதியாக வருவதை நான் கண்டிருக்கிறேன், ஏனெனில் அவர்கள் தம்மைச் சுற்றியுள்ள பெரியவர்களை விரும்புகிறார்கள். விரும்புகிறவர்களைப் போல ஆக ஆசைப்படுகிறார்கள். ஆனால் “பெரியவளாக வேண்டும்” என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒவ்வொரு குழந்தையும் வேறு வேறு பொருளை வைத்திருக்கிறது. அந்தப் பொருள் என்னவென்று கேட்டறியாமல் நாம் சொல்லும் பதில் எதுவும் அவளைச் சென்று சேராது.

வேலூரைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் நான் 34 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். “பெரியவர்களானதும் என்னவாக ஆவீர்கள்?” என்று கேட்டால் டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்ததையே ஒப்பிப்பார்கள். “பெரியவர்களானதும் முதல் நாள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். ஒருத்தி, தானே தீக்குச்சி உரசி அடுப்பைப் பற்றவைப்பேன் என்றாள். இன்னொருவன், தூக்கம் வந்த பிறகுதான் படுப்பேன் என்றான். பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒரு பையன் அன்று வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், எல்லோரும் மதிய உணவுக்குப் போன பிறகு என் மேசைக்கு அருகில் வந்து நின்று, “டீச்சர், பஸ்ல எங்க ஆயாவுக்கு நான் எடம் புடிப்பேன்” என்றான். அவனுடைய பாட்டிதான் தினமும் அவனைப் பேருந்தில் அழைத்து வந்து விட்டுச் செல்வார். இடுப்பு வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் நின்றபடியே வருவார். கூட்டத்தில் அவரது புடவையைப் பிடித்தபடி நிற்கும் ஏழு வயதுப் பையன், காலியான இருக்கையைக் கண்ணால் பார்த்தும் அதை எட்ட முடியாமல் தவித்திருக்கிறான். அவன் கேட்டது வயது அன்று. பாட்டிக்கு ஓர் இருக்கை.

ஆகவே உங்கள் மகளையும் இப்படிக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சிரிக்காமல் காத்திருங்கள்.

அவள் பதில் வரும்வரை இன்னொன்றைக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் ஒரே நாளில் அவளை எத்தனை முறை சின்னவள் என்றும், எத்தனை முறை பெரியவள் என்றும் சொல்கிறோம்? “நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது, அந்தாண்ட போ” என்கிறோம். அடுத்த நாழிகையில் தம்பி பொம்மையைப் பிடுங்கிக்கொண்டதும், “இவ்வளவு பெரிய பொண்ணா இருந்துக்கிட்டு விட்டுக்கொடுக்கக் கூடாதா?” என்கிறோம். விரும்பியதைக் கேட்கும்போது சின்னவளாகவும், விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் பெரியவளாகவும் இருக்க நேரும் குழந்தை, பெரியவர்களுக்குரிய அந்த இன்னொரு பாதி தனக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரியவள் என்று சொல்லி ஒன்றை விட்டுக்கொடுக்க வைக்கும் அதே நாளில், பெரியவள் என்பதற்காகவே ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும்.

எதைக் கொடுப்பது? விளையாட்டுக்கு என்று இல்லாமல், வீட்டுக்கு உண்மையிலேயே பயன்படும் ஒரு வேலையைக் கொடுங்கள். அது அவள் செய்யாவிட்டால் குறையாகத் தெரிகிற வேலையாகவும், அவள் கைக்கு அடங்குகிற வேலையாகவும் இருக்கட்டும். அரிசியில் கல் பொறுக்கலாம். காய்ந்த துணியை மடிக்கலாம். தெருக்கோடிக்குப் போகாமல் நாலு வீடு தள்ளியுள்ள கடையில் கொத்தமல்லி வாங்கி வரலாம். கடைக்கு அனுப்புவதானால், முதல் நாள் நீங்களும் உடன் சென்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நம் கடைகளில் குழந்தை நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை. உள்ளங்கை வியர்க்கக் காசைப் பிடித்துக்கொண்டு அது “அண்ணா, அண்ணா” என்று கூப்பிடும். அதன் தலைக்கு மேலாக நாலு பெரியவர்கள் கையை நீட்டிச் சாமான் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் “இவ்வளவு நேரமா?” என்று திட்டும் விழும். சீக்கிரம் வளர வேண்டும் என்று ஒரு குழந்தை மனத்துக்குள் சபதம் செய்துகொள்ளும் இடங்களில் மளிகைக் கடை வாசலும் ஒன்று என்பேன்.

அவள் உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதைத் தடுக்க வேண்டாம். நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குரிய பருவங்கள் பத்தில் கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றே அமைகின்றன. வீடும் பறையும் தேரும் பெரியவர்களின் பொருள்கள். அவற்றின் முன் “சிறு” என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டார்கள். மணலில் சிறு வீடு கட்டிச் சிறுசோறு சமைத்த பெண் குழந்தைகளைப் பற்றிப் பாடிய மொழி இது. உங்கள் ஊரில் கௌண்டன்யா ஆற்று மணலிலோ, வீட்டு வாசலில் சொப்புச் சாமான்களை வைத்துக்கொண்டோ உங்கள் மகள் செய்வதும் அதைத்தான்.

“எப்போது?” என்னும் கேள்விக்கு மட்டும் “நேரம் வரும்போது” என்று சொல்லாதீர்கள். அவள் கண்ணால் காணக்கூடிய ஒரு நாளைச் சொல்லுங்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா உங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் மறக்காது. வருகிற திருவிழாவில் வளையல் கடையில் அவளே பேசி, அவளே காசு கொடுத்து வாங்கலாம் என்று இன்றே சொல்லி வையுங்கள். சொன்னபடி அன்று அவள் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள். அவள் தேர்ந்தெடுக்கும் நிறம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அப்போதும் பேசாமலிருங்கள்.

கேள்வி: எனக்கு 12 வயது முடிந்துவிட்டது. ஏழாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா ராணுவத்தில் இருக்கிறார். வீட்டில் அம்மா, பாட்டி, நான். வருகிறவர்கள் எல்லோரும் “இனி நீதான் இந்த வீட்டு ஆம்பிளை” என்று சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் எதைப் பற்றிப் பேசினாலும் என்னை வெளியே போகச் சொல்கிறார்கள். வகுப்பில் நான்தான் குள்ளம். சிலருக்கு மீசை அரும்பிவிட்டது. அப்பாவின் ரேசரால் ஒரு நாள் மேலுதட்டைச் சிரைத்துப் பார்த்தேன், வெட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒருவன் எந்த வயதில் பெரியவன் ஆகிறான்? சட்டத்தில் என்ன இருக்கிறது?
– ஒரு மாணவன், காட்பாடி

பதில்: அன்புத் தம்பி, இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாயே என்று மகிழ்ந்தேன்.

ரேசர் வேண்டாம். சிரைப்பதால் முடி அடர்த்தியாகவோ விரைவாகவோ வளர்வதில்லை. சிரைத்த முடி நுனி மழுங்கி முளைப்பதால் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பையன்களின் உடலில் பருவ மாற்றம் 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். உயரம் மளமளவென்று கூடும் காலம் பெரும்பாலான பையன்களுக்கு 13, 14 வயதை ஒட்டித்தான் வருகிறது. பெண்களுக்கு அது சுமார் இரண்டு ஆண்டுகள் முந்திவிடும். உன் வகுப்பில் பெண்கள் உன்னைவிட உயரமாக இருப்பதற்கும் அதுவே காரணம். 14 வயது முடிந்தும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் ஒரு மருத்துவரைப் பார்க்கலாம். அதற்கு முன் கவலைப்பட ஒன்றுமில்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்டாய். ஒரே நாளில் ஒரு கதவைத் திறந்து “வா, இனி நீ பெரியவன்” என்று சட்டம் யாரையும் அழைப்பதில்லை, படிப்படியாக ஏற்றுகிறது. நீ ஏற்கெனவே சில படிகளில் ஏறிவிட்டாய். 10 வயது நிரம்பியவர் தம் பெயரில் வங்கிச் சேமிப்புக் கணக்குத் தொடங்கி, வங்கி வைக்கும் வரம்புக்குள் தாமே அதை நடத்தலாம் என ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. ரயிலில் 5 வயது முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் சிறுவர் கட்டணம். எனவே காட்பாடி சந்திப்பில் இனி உனக்கு முழு டிக்கெட் எடுக்க வேண்டும். 14 வயது வரை உன்னை எந்தக் கடையிலும் பட்டறையிலும் வேலைக்கு வைக்க எவருக்கும் உரிமையில்லை. 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் வைக்கவும் கூடாது. 18இல் வாக்குரிமை. அதுவும் 1989 வரை 21ஆக இருந்தது. நான் என் முதல் வாக்கை 21 ஆகும்வரை காத்திருந்து போட்டேன். ஆணுக்குத் திருமண வயது 21. இத்தனை படிகளும் உன்னைத் தடுப்பதற்காகப் போட்டவை என்று நினைக்காதே. இவற்றில் பாதி, நீ வளரும்வரை பிறர் உன்மேல் பாரம் ஏற்றிவிடாமல் காப்பதற்காகப் போட்டவை.

இப்போது உன் வீட்டுக்கு வருவோம். “நீதான் இந்த வீட்டு ஆம்பிளை” என்று சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் 12 வயதுப் பையனிடம் சொல்லத்தக்க சொல் அது இல்லை. உன் தந்தை எல்லையில் இருந்தாலும் அந்த வீட்டின் தந்தை அவரே. அந்த வீட்டை அன்றாடம் தாங்கி நடத்துகிறவர் உன் தாய். அவர்களுடைய பொறுப்பை நீ தூக்க வேண்டியதில்லை, தூக்கவில்லையே என்று இரவில் விழித்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த வரிகளை உன் அம்மாவும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். அம்மா, பணப் பேச்சையும் கவலைப் பேச்சையும் எல்லாம் அவனிடம் சொல்ல வேண்டாம்; ஆனால் “வெளியே போ” என்று சொல்லும்போது, பிறகு அவனுக்குத் தெரிய வேண்டிய அளவை உட்கார்த்தி வைத்துச் சொல்லுங்கள். கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளை உள்ளே நடப்பதை எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகவே கற்பனை செய்துகொள்கிறான்.

தம்பி, உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கணக்கு எடுக்கிறார்கள். ஞாயிறுதோறும் காலையில் மீட்டரைப் பார்த்து எண்ணை ஒரு நோட்டில் எழுது. முந்தைய வாரத்து எண்ணைக் கழித்தால் அந்த வாரச் செலவு தெரியும். எந்த வாரம் ஏறியது, ஏன் ஏறியது என்று கண்டுபிடி. இரண்டு மாதம் முடிந்து கணக்கு எடுக்க வருவதற்கு முன்பே எத்தனை யூனிட் என்று அம்மாவிடம் சொல். நீ சொன்ன எண்ணும் அட்டையில் எழுதப்படும் எண்ணும் ஒன்றாக இருக்குமானால், அடுத்த முறை அதைப் பற்றிய பேச்சில் உன்னை வெளியே அனுப்ப மாட்டார்கள். அப்பாவிடம் தொலைபேசியில் பேசும்போதும் “நல்லா இருக்கேன்” என்பதற்கு மேல் சொல்ல உன்னிடம் ஒரு செய்தி இருக்கும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் 15 வயது மகன் என் மோட்டார் சைக்கிளைக் கேட்டு அடம் பிடிக்கிறான். நன்றாகவே ஓட்டுகிறான், எங்கள் தெருவில் அவன் வயதுப் பையன்கள் எல்லோரும் ஓட்டுகிறார்கள். ‘என்னை நீங்கள் பெரியவனாகவே நினைப்பதில்லை’ என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைவீதி வரைக்கும் மட்டும் கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, ராணிப்பேட்டை

பதில்: கொடுக்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்குக் கியர் உள்ள வண்டியின் உரிமம் கிடையாது; 16 வயது நிரம்பியவர்கூட 50 சிசி வரையுள்ள கியர் இல்லாத வண்டிக்குத்தான் உரிமம் பெற முடியும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. உங்கள் ஊரை ஒட்டிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. அதில் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. “கடைவீதி வரைக்கும்” என்று எடுத்துச் செல்லும் வண்டி கடைவீதியோடு நிற்காது என்பது உங்களுக்கே தெரியும்.

இவற்றை ஒளிக்காமல் அவனிடம் சொல்லுங்கள், மிரட்டாமல் சொல்லுங்கள். அவனுடைய குறை வண்டியைப் பற்றியது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வண்டியைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, டயரில் காற்றுப் பார்த்து, காப்பீட்டுத் தேதியை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். பின்னிருக்கையில் அவனை வைத்து நீங்கள் ஓட்டும்போது, ஏன் இங்கே வேகத்தைக் குறைத்தேன், ஏன் அங்கே முந்தவில்லை என்று பேசிக்கொண்டே செல்லுங்கள். நீங்களும் தலைக்கவசம் அணிந்து ஓட்டுங்கள். அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது வருத்தம்தான், அதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு 11 வயது. சிறு வயதிலிருந்தே துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிக்கொண்டு, “நான் பெரியவளாயிட்டேன்” என்று வீடெல்லாம் நடப்பாள். சென்ற மாதம் வயதுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. “நான் பெரியவளாக வேண்டாம் அத்தை, என்னைப் பழையபடி ஆக்கிடுங்க” என்று என் மடியில் படுத்து அழுதாள். தெருவில் பையன்களோடு விளையாடக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பார்த்தாகிவிட்டது. அவள் படத்தைப் போட்டுப் பெரிய பேனர் வைக்கப் போகிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?
– ஓர் அத்தை, ஆற்காடு அருகில்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபின் வேறு கடிதத்தை எடுக்க எனக்கு நெடுநேரம் மனம் வரவில்லை. நம் மொழியில் ‘பெரியவளாகிவிட்டாள்’ என்னும் சொல்லைப் பெண் குழந்தைக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட நாளோடு கட்டிவிட்டோம். அந்தக் குழந்தை எத்தனையோ ஆண்டுகளாக ஆசைப்பட்டுச் சொல்லி வந்த சொல் அது. அவள் ஆசைப்பட்டது அம்மாவைப் போலப் புடவை கட்டவும், அத்தையைப் போல நினைத்த இடத்துக்குப் போய் வரவும். கிடைத்ததோ தெருவுக்குப் போகாதே, உரக்கச் சிரிக்காதே, அதைத் தொடாதே என்பவை. இதுவா பெரியவளாவது என்று அவள் கேட்காமல் கேட்கிறாள். அவள் அழுவதில் எனக்கு ஒரு வியப்பும் இல்லை.

அவளிடம் சொல்லுங்கள்: உடலில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, அது 10 வயது முதல் 15 வயதுக்குள் பெண்கள் எல்லோருக்கும் நடப்பது, 11 வயதில் வந்ததில் அவசரமோ குறையோ ஒன்றுமில்லை. அவள் இன்னமும் குழந்தைதான், ஆறாம் வகுப்பு மாணவிதான். வளர்ச்சி நின்றுவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறுத்துவிடுங்கள். முதல் மாதவிடாய்க்குப் பிறகும் பெண்கள் பொதுவாக 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளர்கிறார்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் மாதந்தோறும் ஒழுங்காக வராமலும் போகலாம். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டும், பள்ளியில் இருக்கும்போது நேர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் நீங்களே பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். ‘புதுயுகம்’ திட்டத்தின்கீழ் வளரிளம் பெண்களுக்கு அரசு நாப்கின்களை விலையின்றி வழங்குகிறது. பள்ளியிலும் கிராமச் செவிலியரிடமும் கேட்டு வாங்கலாம்.

சடங்கைப் பற்றி நான் குடும்பத்தோடு சண்டையிடச் சொல்லமாட்டேன். தாய்மாமன் பச்சை ஓலை கட்டுவதும், உறவினர் சூழ்ந்து உளுந்தங்களி ஊட்டுவதும் அன்பினால் நடப்பவை. சில குழந்தைகளுக்கு அந்த நாள் இனிமையான நினைவாகவும் இருக்கிறது. ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அது அவளுடைய நாள் என்றால் அவள் விருப்பமும் அதில் இருக்க வேண்டும். பேனரை மட்டும் எப்படியாவது தடுத்துவிடுங்கள். ஒரு பெண் குழந்தையின் உடலில் நிகழ்ந்ததை, அவள் நாள்தோறும் பள்ளிக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், பத்தடி உயரத்தில் எழுதி வைப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத செயல். அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். “அவ பள்ளிக்கூடத்துப் பசங்க பார்ப்பாங்க அண்ணா” என்று சொன்னாலே போதும் என நம்புகிறேன். அடுத்தபடியாக யாரேனும் மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தால், பெண்ணுக்குத் திருமண வயது 18 என்பதையும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு எவர் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

முக்கியமாக, அவளை மீண்டும் விளையாட விடுங்கள். நாளைக்கே நீங்கள் அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு அழைத்துச் சென்று, பாண்டி ஆடக் கட்டம் கிழித்துக்கொடுத்து, அங்கேயே ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். அத்தை உட்கார்ந்திருக்கும்போது யார் வந்து தடுப்பார்கள் என்று பார்க்கலாம்.

கேள்வி: குழந்தைகளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, சிறு வயதில் உங்களுக்குச் சீக்கிரம் பெரியவளாக வேண்டும் என்ற ஆசை இருந்ததா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: இருந்தது. என்னுடைய ஆசை ஒரு முறத்தின் மேல் இருந்தது.

1969ஆம் ஆண்டு, இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் எல்லாம் ஒன்றாக வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலம். எனக்கு எட்டு வயது. எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் பீடி சுற்றித்தான் அடுப்பெரிந்தது. அம்மாவும் ஆயாவும் திண்ணையில் சுவரோரம் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஊறவைத்த இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுவார்கள். பேச்சு ஓடிக்கொண்டேயிருக்கும், விரல்கள் தாமாகவே நடக்கும். எனக்கு மட்டும் முறம் கிடையாது. சுற்றிப் போட்ட பீடியின் நுனியை மடக்கும் வேலைதான் எனக்கு. மடியில் முறம் இருந்தால்தான் அந்தப் பேச்சிலும் எனக்கு இடம் உண்டு என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆயா ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் முறத்தை எடுத்து என் மடியில் வைத்தார். அந்தக் கணத்தில் எனக்கிருந்த பெருமையை இன்றும் என்னால் உணர முடிகிறது. பதினொரு நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இரண்டாம் நாளே விரல் நுனிகள் எரியத் தொடங்கின. ஐந்தாம் நாள் இருமல் வந்தது. நான் சுற்றிய கட்டுகளை, பீடியை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கும் கமிஷன்காரர் தளர்ச்சி என்று பிரித்துப் போட்டுவிட்டார். ஆனாலும் முறத்தை விட எனக்கு மனமில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். என் மடியிலிருந்த முறத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, “நீ இஸ்கூலுக்குப் போ” என்றார். என்னை மறுபடியும் சின்னவளாக்கிவிட்டார் என்று நான் வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.

அன்று மாலை அம்மா என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். அதில் பாதிப் பக்கங்கள் அண்ணன் எழுதித் தீர்த்தவை. “நாங்க சுத்துற கட்ட நீ எண்ணி எழுது. எங்களுக்குத்தான் எழுதத் தெரியாதே” என்றார். ஒரு கட்டுக்கு 25 பீடி. நாலு கட்டு நூறு. தினமும் விளக்கு வைத்த பிறகு நான் எண்ணி எழுதினேன். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது கமிஷன்காரர் தன் புத்தகத்தைப் புரட்டி 3,500 என்றார். என் நோட்டில் 160 கட்டு இருந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, “நாலாயிரம்மா” என்று மெதுவாகச் சொன்னேன். அம்மா நோட்டை வாங்கி அவர் முன்னால் நீட்டினார். அவர் ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். தன் புத்தகத்தையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார்.

“யாரும்மா எழுதனது?” என்று கேட்டார்.

“எம் பொண்ணு” என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைச் சுவரில் இருந்த மாடத்தில், ரேஷன் கார்டுக்கும் கூலிப் புத்தகத்துக்கும் நடுவில் வைத்தார். தம்பி எட்டி எடுக்கப் பார்த்தான். “அதத் தொடாத. அது அக்கா வேலை பாக்குற நோட்டு” என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஆயாவுக்கும் தனக்கும் நடுவில் எனக்கு உட்கார இடம் ஒதுக்கினார்.